உறைபனிக் காலத்து நாற்றுக்கு எந்த டப்பா?

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, பழைய பிளாஸ்டிக் டப்பாக்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேலைநாட்டுத் தோட்டக்காரர்கள் பனிக்காலத்தில் பால் கேன்களைக் குறுக்கே வெட்டி, மண் நிரப்பி, விதையிட்டு, வெட்டவெளியிலேயே வைத்துவிடுகிறார்கள் என்று படித்தேன். என் வீட்டில் 5 லிட்டர் தண்ணீர் கேன் நான்கும், சமையல் எண்ணெய் கேன் இரண்டும், ஒரு சாக்கு நிறையத் தயிர் டப்பாக்களும் இருக்கின்றன. எங்கள் வீடு தலைக்குந்தாவில். தை மாதக் காலைகளில் புல்வெளி முழுவதும் வெள்ளையாகிவிடும். இவற்றில் எதை எடுப்பது? (வாசகி, தலைக்குந்தா)

பதில்: தண்ணீர் கேன் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கேனை ஒரு சோதனைக்குப் பிறகு எடுங்கள். தயிர் டப்பாவை விதைப்புக்கு எடுக்க வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது. காரணம் சற்று நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் படித்த முறை, மண்ணின் மேல் பனி மாதக்கணக்கில் படிந்து கிடக்கும் நாடுகளுக்குரியது. அங்கே விதையிட்ட கேன் பனிக்குள் புதைந்து கிடக்கும். குளிர்ந்த ஈரத்தில் சில வாரங்கள் ஊறினால்தான் உறக்கம் கலையும் விதைகளுக்கு அந்தக் குளிர் மருந்தாகிறது. வசந்தம் வந்து வெப்பம் மெல்ல ஏறும்போது அவை தாமாக முளைக்கின்றன. அவர்கள் பயன்படுத்தும் பால் கேன் ஏறத்தாழ 3.8 லிட்டர் கொள்ளும், பால் நிறமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். நமக்குப் பால் பாக்கெட்டில் வருகிறது. அந்தக் கேன் இங்கே கிடையாது. ஆனால் கேனைவிடப் பெரிய வேறுபாடு வானிலையில்தான் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து உங்கள் தலைக்குந்தாவைப் போன்ற பள்ளங்களில் தேங்கி, விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனியாகப் படிகிறது. அதே இடத்தில் நண்பகலில் 20 டிகிரி வெப்பமும், கண்ணைக் கூசச் செய்யும் மலை வெயிலும் இருக்கும். மூடிய டப்பாவுக்குள் அந்த வெயில் புகுந்தால் உள்ளே வெப்பம் வெளியைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். விடியற்காலை ஐந்து மணிக்கு உறைபனியையும் பன்னிரண்டு மணிக்கு உலைக்கூடத்தையும் ஒரே நாளில் பார்க்கும் நாற்று அது.

ஆகவே நம் மலைகளில் டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது, அது குளிரை எவ்வளவு தடுக்கும் என்று கேட்பதைவிட, பகல் வெப்பத்தை எவ்வளவு எளிதாக வெளியே விடும் என்று கேட்பதே முக்கியம் என்பது என் கருத்து. காகிதக் கனமுள்ள பிளாஸ்டிக் சுவர் இரவுக் குளிரைப் பெரிதாகத் தடுத்துவிடாது. பனி நேரே தளிர் மேல் படியாமல் காப்பதும், காற்றையும் தூறலையும் மறிப்பதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும்தான் அதன் வேலை. இரவுக்கு வேண்டிய வெப்பத்தைச் சேமித்து வைப்பது ஈர மண்தான். அதனால் மண் நான்கு அங்குலமாவது ஆழமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் நாற்று எழும்ப ஒரு சாண் இடம் இருக்க வேண்டும், மேலே திறக்கவும் மூடவும் முடிகிற ஒரு வாய் இருக்க வேண்டும். உங்கள் தண்ணீர் கேனில் இந்த மூன்றும் இருக்கின்றன. பின்னால் கையை வைத்துப் பார்த்தால் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு ஒளியும் விடுகிறது.

கேனின் அடியிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் பேனாவால் கோடு போட்டு, கைப்பிடிக்குக் கீழே மூன்று விரல் அகலத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, சுற்றிலும் வெட்டுங்கள். வெட்டாத அந்தப் பகுதி கதவின் கீல் போல நின்று, மேல்பாதியை மல்லாத்தவும் கவிழ்க்கவும் உதவும். அடியில் துளை போடக் கத்தியை அழுத்தாதீர்கள். வழுக்கி விரலில் ஏறும். நான்கு அங்குல ஆணி ஒன்றை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டி, வாசலுக்கு எடுத்துப்போய், புகையை மோந்துவிடாமல், அடியில் எட்டும் பக்கச் சுவரில் அடியை ஒட்டி நான்குமாகக் குத்துங்கள். கேனின் அடி நடுவில் உள்நோக்கிக் குழிந்திருப்பதால், நடுவில் மட்டும் துளையிட்டால் ஓரத்தில் நீர் தேங்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மூடியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அந்த வாய் இரவும் பகலும் திறந்தேதான் இருக்க வேண்டும்.

எண்ணெய் கேனுக்கான சோதனை இது: கொதிக்காத வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றிக் குலுக்கி, ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாள் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மேலே வானவில் போலப் படலம் மிதந்தால் மீண்டும் கழுவ வேண்டும். எண்ணெய் படிந்த மண்ணில் நீர் இறங்காது. கேன் அடர் மஞ்சளாகவோ விரல் தெரியாத அளவுக்கு மங்கலாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் வளரும் நாற்று ஒளி தேடி நூலாக நீளும்.

தயிர் டப்பாவில் ஒளி போகாது, ஆழமும் போதாது. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் வகை. வெப்பம் பூச்சியத்தை நெருங்கும்போது நொறுங்கும் தன்மை பெறுகிறது. உறைபனிக் காலையில் கை தவறிக் கீழே விழுந்தால் கண்ணாடி போல விரிசல் விடும். ஆனால் அதை நீளவாக்கில் கீறினால் பெயர்ப் பட்டைகள் கிடைக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேன்களைப் பள்ளத்தில் வைக்காமல், வீட்டுச் சுவரை ஒட்டி, செங்கல் அல்லது பலகையின் மேல் உயர்த்தி வையுங்கள். காலை வெயில் முதலில் விழும் இடம் நல்லது என்று தோன்றும், அது சரியல்ல. உறைந்த இலை திடீரென இளகும்போதுதான் கருகுகிறது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் வரும் இடமே பாதுகாப்பானது. உதகைத் தாவரவியல் பூங்காவில் இந்தப் பருவத்தில் செடிகளை மிலார் என்னும் செடியின் கிளைகளைக் கொண்டு மூடி வைப்பதையும், காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் கேன்களின் மேல் மாலை ஐந்து மணிக்கு ஒரு கோணிச்சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிட்டால், அதே வேலை நடந்துவிடும்.

கேள்வி: டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மருந்து வந்த வெள்ளைக் கேன்கள் நிறையக் கிடக்கின்றன. நன்றாகக் கழுவினால் போதாதா? கீரையும் லெட்யூஸும் போட விருப்பம். (வாசகர், பூம்பாறை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் பிளாஸ்டிக்கின் சுவரிலேயே ஊறிப்போகும். களைக்கொல்லியின் எச்சம் நாற்றைக் கொல்லும், பூச்சிக்கொல்லியின் எச்சம் கீரை வழியே உங்கள் தட்டுக்கு வரும். பினாயில், ஆசிட், வெளுப்புத் திரவம், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் வந்த கேன்களுக்கும் இதே பதில்தான். மருந்துக் கேன்களை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பு நீரிலேயே சேர்த்துவிட்டு, வேறு யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துவிடாதபடி அடியில் ஓட்டை போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

முக்கோண எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும். அதில் என்ன வந்தது என்பதைச் சொல்லாது. 1 என்றால் பெட்: தண்ணீர் பாட்டில், இனிப்புப் பெட்டி, கேக் மூடி, பெட்டிக்கடை மிட்டாய் ஜாடி. தெளிவானது; வெயிலையும் ஓரளவு தாங்கும். 2 என்றால் கெட்டிப் பாலித்தீன். எண்ணெய் கேன்களிலும் பால் நிறக் கேன்களிலும் காண்பீர்கள். அதுவும் நல்லதே, ஆனால் வெட்டவெளியில் ஓரிரு ஆண்டில் வெயில் பட்டுப் பொடியாகத் தொடங்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். முன்பே சொன்ன தயிர் டப்பாவும் உணவகப் பார்சல் டப்பாவும் இந்த வகை. 3 என்றால் பி.வி.சி., 6 என்றால் பாலிஸ்டைரீன், தெர்மாகோலும் இதில்தான் அடங்கும். இரண்டையும் நான் தோட்டத்துக்குள் விடுவதில்லை. பி.வி.சி.யைச் சூட்டு ஆணியால் துளைக்கவே கூடாது, நச்சுப் புகை வரும். தெர்மாகோல் இரவில் வேருக்குக் கதகதப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதன் மணிகள் உதிர்ந்து மண்ணோடு கலந்துவிட்டால் பிறகு பொறுக்கி எடுப்பது நடக்காத காரியம்.

கீரைக்கும் லெட்யூஸுக்கும் உணவு வந்த டப்பாவை மட்டும் எடுங்கள். வரையறையை அத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும். மிட்டாய் ஜாடி கிடைத்தால் விடாதீர்கள். வாய் அகலம், சுவர் கனம், தெளிவும் உண்டு. அடியை அறுத்துவிட்டு, பாத்தியில் இட்ட விதையின் மேல் கவிழ்த்து வைத்தால், மேலே மூடி இருந்த வாய் காற்றுப்போக்கியாகிவிடும்.

கேள்வி: சென்ற தை மாதம் கேக் டப்பாக்களில் பான்சியும் முட்டைக்கோசும் விதைத்தேன். எட்டாம் நாள் அழகாக முளைத்தன. பன்னிரண்டாம் நாள் எல்லாம் தண்டின் அடியில் நீர் கோத்தது போல மெலிந்து சாய்ந்துவிட்டன. குளிர்தான் காரணமா? (வாசகி, குன்னூர்)

பதில்: குளிர் மேல் பழி போட வேண்டாம். குன்னூரில் உதகைப் பள்ளத்தாக்கு அளவுக்கு உறைபனி விழுவதும் இல்லை. நீங்கள் விவரிப்பது நாற்றழுகல். ஈரம் வடியாத, காற்று ஓடாத மண்ணில் பூஞ்சை பெருகித் தண்டை மண் மட்டத்தில் அரித்துவிடுகிறது. கேக் டப்பாவின் உயரம் மூடியில்தான் இருக்கிறது, மண் நிற்கும் தட்டு ஓர் அங்குலம்கூட இராது. அத்தனை சிறிய மண்ணில் காலையில் சேறும் மாலையில் வறட்சியும் மாறி மாறி வரும். மூடியையும் அழுத்திப் பூட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஊகம் என்றாலும் சொந்த அனுபவத்தின் பேரில் சொல்கிறேன். இந்த முறையை நான் தொடங்கிய முதல் ஆண்டு, உறைபனிக்குப் பயந்து பன்னிரண்டு பெட்டிகளின் மூடிகளையும் டேப் ஒட்டி அடைத்திருந்தேன். அவற்றில் ஸ்னாப்டிராகன் நாற்று, மலர்க்காட்சி நேரத்தில் பூக்க வேண்டும் என்ற கணக்கில். ஒரு திருமணத்துக்காகக் காலையில் கோயம்புத்தூர் இறங்கிப்போய் இரவு திரும்பினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது பெட்டிகளின் உட்சுவரில் நீர் கோடு கோடாக வழிந்திருந்தது; நாற்றுகள் வேகவைத்த கீரையைப் போல மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அன்று இரவும் உறைபனி விழுந்தது. மூட மறந்து, நாற்காலிக்கடியில் கிடந்த ஒரே ஒரு பெட்டி மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து நான் டேப் வாங்குவதில்லை.

இம்முறை ஆழமான டப்பாவை எடுத்து, இரண்டு பங்கு மக்கிய தொழு உரம், இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மணல் என்று கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவை முன்கூட்டியே இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிவிடுங்கள். யூகலிப்டஸ் சருகு மக்கிய மண்ணைத் தவிர்த்துவிடுங்கள், விதை முளைப்பதை அது தடுக்கும். சோலைக்குள் போய் இலைமண் அள்ளுவதும் வேண்டாம், அது காட்டுக்குரியது. நாற்றழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகளில் விதையைப் பிரட்டச் சொல்வார்கள்: சூடோமோனாஸ் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம், டிரைக்கோடெர்மா என்றால் 4 கிராம். ஒரு சிட்டிகை விதைக்கு விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும். மேலிருந்து நீர் ஊற்றாமல், தட்டில் நீர் வைத்து அதில் டப்பாவைக் கால் மணி நேரம் நிறுத்தி எடுங்கள். காலையில் உட்சுவரில் நீர்த்துளி இருந்தால் அன்று நீர் தேவையில்லை. பதினொரு மணிக்கும் துளி மறையாமல் இருந்தால் திறப்பு போதவில்லை என்று பொருள், இன்னொரு துளை போடுங்கள்.

கேள்வி: எண்ணெய் கேன்களை வெட்டித் தோட்டத்தில் வைத்திருந்தோம். இரவில் கரடி வந்து எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டது. வேறு என்ன வைக்கலாம்? (வாசகர், கோத்தகிரி)

பதில்: எண்ணெய் வாடைக்காகக் கரடி கோயில் விளக்கையே தேடி வருகிற ஊர் உங்களுடையது, கழுவிய கேனிலும் நம் மூக்குக்குத் தெரியாத வாடை அதற்குத் தெரியும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருப்பவர்கள் எண்ணெய், நெய், ஊறுகாய், தேன் வந்த எந்த டப்பாவையும் வெளியே வைக்க வேண்டாம். தண்ணீர் வந்த கேனை மட்டும் வையுங்கள். குரங்குக்கு வாடை வேண்டியதில்லை, பளபளப்பே போதும். அதற்கு ஜன்னல் கம்பிவலைக்குள்ளோ பழைய கோழிக்கூண்டுக்குள்ளோ வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: இப்படி வெளியே விதைக்க எந்தெந்த விதைகள் ஏற்றவை? பீச், பிளம் கொட்டைகளையும் இதே முறையில் முளைக்க வைக்கலாமா? (வாசகர், கேத்தி)

பதில்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு, மார்கழி நடுவிலிருந்து தை முடிவு வரை விதைக்கலாம். பூக்களில் லார்க்ஸ்பர், ஸ்வீட் பீ, பான்சி, ஸ்னாப்டிராகன், லூபின் ஆகியவையும், காய்களில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், லெட்யூஸ் ஆகியவையும் குளிரில் முளைக்கக்கூடியவை. வெப்பத்தைவிட இவற்றுக்குப் பொறுமைதான் தேவை: சமவெளியில் ஐந்து நாளில் வருவது இங்கே பதினைந்து நாள் எடுக்கலாம். லூபின் விதையின் தோல் கெட்டி, ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். கேரட்டை டப்பாவில் விதைத்துப் பிடுங்கி நட்டால் கிழங்கு இரண்டாகப் பிளந்துவிடும். அதை நேரே பாத்தியில்தான் விதைக்க வேண்டும். தக்காளி, மிளகாய், செவ்வந்தி, ஜினியா எல்லாம் மாசி கடைசி வரை காத்திருக்கட்டும்.

பீச், பிளம் கொட்டைகளின் கதை வேறு. அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் விடாத ஈரக் குளிர் வேண்டும். நம் மலையில் இரவில் கிடைக்கும் குளிரைப் பகல் வெயில் கலைத்துவிடுகிறது. கேத்திப் பள்ளத்தாக்கிலும் இதே நிலைதான். ஈர மணலில் புதைத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். அந்த வேலைக்குத் தயிர் டப்பா மிகப் பொருத்தமானது. கொட்டையிலிருந்து வரும் மரம் தாய் மரத்தின் பழத்தையே தரும் என்று நம்ப வேண்டாம். ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நம் மலைகளில் பிளாஸ்டிக்குக்கு இத்தனை தடை இருக்கும்போது, தோட்டம் முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாவை வைக்கச் சொல்வது முறையா? வெயிலில் பொடிந்தால் என்ன செய்வது? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: மார்க்கரில் எழுதிய பெயர்கள் ஒரு மாதத்தில் மறைந்துவிடுகின்றன. (வாசகி, கொடைக்கானல்)

பதில்: முறையான கேள்வி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை இருக்கிறது. சிறு தண்ணீர் பாட்டில்கள் விஷயத்தில் மலையில் கெடுபிடி இன்னும் அதிகம். அதனால்தான் விதைப்பதற்கென்று டப்பா வாங்காதீர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன். வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டதை மட்டும் எடுங்கள். அதுவும் உங்களால் எண்ணிக்கை வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு. என் தோட்டத்தில் பதினாறு கேன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறேன். பங்குனியில் நாற்றை எடுத்து நட்டதும் கழுவிக் காயவைத்து, வெயில் படாத விறகுக் கொட்டகைக்குள் அடுக்கிவிடுவேன். பிளாஸ்டிக்கைத் தின்பது குளிரன்று, வெயில்தான். உயரம் கூடக்கூட அதில் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. வெயிலில் கிடக்கும் நாட்களைக் குறைத்தால் ஓராண்டு போகும் கேன் நான்கு ஆண்டு போகும். அடுத்த பருவத்தில் எடுக்கும்போது சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள்: வளைந்து நிமிர்ந்தால் வைத்துக்கொள்ளலாம், வெள்ளைக் கோடு விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. துண்டு துண்டாவதற்கு முன், முழு டப்பாவாகவே தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதைக் குப்பையோடு கொளுத்துவதும், சரிவில் உருட்டி விடுவதும் வேண்டாம்.

பெயர் எழுத மார்க்கரை நம்பாதீர்கள், மலை வெயில் அதையும் தின்றுவிடும். தயிர் டப்பாவைக் கீறிய பட்டையின் வழவழப்பை உப்புத்தாளால் சற்றுத் தேய்த்துவிட்டு, சாதாரணப் பென்சிலால் எழுதுங்கள். எழுத்துள்ள பக்கம் மண்ணுக்குள் இருக்கும்படி செருகி வைத்தால், வைகாசியில் பிடுங்கிப் பார்க்கும்போதும் படிக்கும்படி இருக்கும்.